வோக் அடுப்புக்கு முன்னால் ஜீன்ஸ் வேண்டாம்

கேள்வி: கோலாலம்பூரில் உணவகங்களில் வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பியிருக்கிறேன். மச்சானும் நானும் சேர்ந்து கீழக்கரையிலிருந்து ராமநாதபுரம் போகும் சாலையில் 40 பேர் உட்காரும் ஆசிய உணவகம் தொடங்குகிறோம். நூடுல்ஸ், லக்ஸா, நாசி கோரெங், டிம்சம், கடல் அட்டை சூப் என்று மெனு போட்டிருக்கிறோம். நவம்பர் கடைசியில் திறப்பு. 150 பேரை அழைக்கிறோம். உள்ளே எல்லாமே நீல நிறம். அதனால் ஊழியர் 12 பேருக்கும் ஜீன்ஸ், டெனிம் சட்டை, தோல் பட்டை வைத்த டெனிம் ஏப்ரன். சமையல்காரர்களுக்குக் கறுப்பு டெனிம். நாற்காலி மெத்தைக்கும் டெனிம் உறை. எந்தத் துணி, எவ்வளவு வாங்குவது? சாயம் போகாமலிருக்க உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் போதுமா? திறப்பன்று நாங்களும் ஜீன்ஸ் போடலாம் என்றால் வாப்பா, "கடை திறக்குற அன்னைக்காவது வெள்ளைக் கைலியைக் கட்டுங்கடா" என்கிறார். என்ன செய்யலாம்?
கீழக்கரை வாசகர்

பதில்: மெத்தை உறைக்கு டெனிம் என்பதை மட்டும் இன்றே விட்டுவிடுங்கள். மற்றதற்கெல்லாம் வழி இருக்கிறது, அதற்கு இல்லை. உங்கள் கடைக்கு வருகிறவர்களில் வெள்ளைக் கைலியும் வெள்ளை வேட்டியும் கட்டியவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். வேர்த்த உடம்போடு புது டெனிம் மெத்தையில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து எழுந்தால் பின்பக்கம் நீலம் ஏறியிருக்கும். வாப்பாவின் கைலிதான் முதலில் மாட்டும். மெத்தைக்கு நீலம்தான் வேண்டும் என்றால் பருத்தி இழையோடு பிணைந்துகொள்ளும் ரியாக்டிவ் சாயம் ஏற்றிய கெட்டிப் பருத்திக் கான்வாஸ் எடுங்கள். பார்வைக்கு டெனிமுக்குப் பக்கத்தில் நிற்கும், ஒட்டாது. வெளிர்நிற ரெக்ஸினும் வேண்டாம். அடர்நீல ஜீன்ஸ் போட்டு வருகிற வாடிக்கையாளர் உட்கார்ந்தால் அந்த நீலம் ரெக்ஸினின் பிளாஸ்டிக்குக்குள் இறங்கிவிடும். அன்றைக்கே சோப்பு நீரில் துடைத்தால் ஓரளவு போகும். நாலு நாள் விட்டால் உறையை மாற்றுவதுதான் வழி.

ஏன் இப்படி ஒட்டுகிறது என்று தெரிந்தால் துணி வாங்குவதில் பாதி வேலை முடிந்த மாதிரி. டெனிமில் பாவு நூல் மட்டும் நீலம், ஊடை நூல் வெள்ளை. துணியின் ஓரத்திலிருந்து ஒரு நீல நூலை உருவி, முறுக்கைப் பிரித்துப் பாருங்கள். வெளியே நீலம் இருக்கும், நடுவில் வெள்ளை தெரியும். இண்டிகோ தண்ணீரில் கரையாத பொருள். காரத்திலும் ஹைட்ரோசல்ஃபைட்டிலும் போட்டுக் கரைய வைத்து, நூலை முக்கியெடுத்துக் காற்றில் காட்டுவார்கள். அப்போது அது மறுபடி கரையாத நீலமாகி நூலின் மேல்பக்கம் படியும். பல தடவை முக்கியெடுப்பதால் நிறம் அடர்த்தியாகிறதே தவிர, பருத்தியோடு கெட்டியாகப் பிணைந்துகொள்வதில்லை. அதனால் உரசினால் உதிரும், ஈரத்தோடு உரசினால் இன்னும் உதிரும். ஜீன்ஸ் அழகாக வெளுப்பதற்கும் இதுதான் காரணம் என்பதால் ஆலைகள் இதை மாற்ற நினைப்பதில்லை.

உப்பில் ஊறவைப்பது பலனில்லாத வேலை. ரியாக்டிவ் சாயத்தையும் நேரடிச் சாயத்தையும் துணிக்கு ஏற்றும்போது தொட்டியில் உப்பு சேர்ப்பார்கள்; தண்ணீரில் இருக்கும் சாயம் துணியை நோக்கிப் போக அது உதவும். ஏற்கெனவே ஏறி முடிந்த இண்டிகோவை உப்பு பிடித்து நிறுத்தாது. வினிகரும் நிறுத்தாது. உப்புதான் மருந்து என்றால் ராமநாதபுரம் பக்கத்து உப்புக் கரிக்கும் ஆழ்குழாய்த் தண்ணீரில் துவைத்த ஒரு ஜீன்ஸும் வெளுத்திருக்கக் கூடாதே.

பலன் தருவது, மேலே தொங்கிக்கொண்டிருக்கும் சாயத்தைத் திறப்புக்கு முன்பே கழற்றிவிடுவதுதான். தைத்து முடித்த உடைகளை வாஷிங் யூனிட்டில் கொடுத்து என்சைம் வாஷ் (நொதி சேர்த்துத் துவைப்பது) போட்டு வாங்குங்கள். நிறம் ஒரு படி இறங்கும், இறங்கட்டும். அடர்நீலத்தைவிட நடுத்தர நீலம் எப்போதும் குறைவாகவே ஒட்டும். சாம்பிள் துணி கையில் வந்ததும் ஒரு வெள்ளைக் கைக்குட்டையை விரலில் சுற்றி ஒரே இடத்தில் பத்து தடவை அழுத்தித் தேயுங்கள். பிறகு கைக்குட்டையை நனைத்துப் பிழிந்து வேறொரு இடத்தில் பத்து தடவை. ஆய்வுக்கூடத்தில் இதையே கருவி வைத்துச் செய்து 1 முதல் 5 வரை மதிப்பெண் போடுவார்கள், 5 சிறந்தது. ஐஎஸ்ஓ 105-எக்ஸ்12 என்று கேட்டால் துணிக்காரருக்குப் புரியும். துவைக்காத அடர்நீல டெனிம் ஈர உரசலில் 1, 2 என்றுதான் நிற்கும். உணவகத்துக்கு வாஷ் முடிந்த பிறகு 3 வந்தால் தைரியமாக வாங்கலாம். 2-க்குக் கீழே என்றால் விலை எவ்வளவு மலிவானாலும் திருப்பிக் கொடுங்கள்.

அடுத்தது எடை. டெனிமை ஒரு சதுர கெஜத்துக்கு எத்தனை அவுன்ஸ் என்று சொல்வார்கள்; ஒரு அவுன்ஸ் ஏறக்குறைய 34 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 34 கிராம். கடையில் தொங்கும் சாதாரண ஜீன்ஸ் 12 முதல் 14 அவுன்ஸ் வரை இருக்கும், அதாவது 400 ஜிஎஸ்எம்முக்கு மேல். நவம்பரில் வடகிழக்குப் பருவமழையில் அதைத் துவைத்துப் போட்டால் இடுப்புப் பட்டியும் பாக்கெட் அடியும் மறுநாளும் ஈரமாக இருக்கும், மூன்றாம் நாள் நாறும். பரிமாறுகிறவர்களுக்குக் கால்சட்டை 9 அல்லது 10 அவுன்ஸ், ஏப்ரன் 8 அவுன்ஸ் போதும். சட்டைக்கு டெனிமே வேண்டாம், ஷாம்ப்ரே எடுங்கள். பாவு நீலம், ஊடை வெள்ளை என்பது அதிலும் அப்படித்தான். ஆனால் ஒன்றுவிட்டு ஒன்று போகும் சாதா நெசவு, 4 முதல் 4.5 அவுன்ஸ் எடை. சாப்பிடுகிறவர்கள் கண்ணுக்கு டெனிம் சட்டைதான். போட்டிருப்பவர் முதுகுக்குப் பெரிய வித்தியாசம்.

துணி சுருங்குவதையும் நீங்களே அளந்துவிடலாம். சாம்பிளில் 50 செ.மீ.க்கு 50 செ.மீ. கட்டம் ஒன்றை நூலால் தைத்து அடையாளம் வையுங்கள். மூன்று தடவை துவைத்துக் காயவைத்து மறுபடி அளங்கள். ஒரே தடவையோடு நிறுத்தினால் முழுச் சுருக்கமும் தெரியாது. பாவு திசையில் 48.5 செ.மீ. வந்தால் 3 சதவீதம். 30 அங்குல உள்கால் நீளத்தில் அது ஒரு அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு, தையலில் விட்டுக்கொள்ளலாம். சான்ஃபரைஸ் செய்யாத, அதாவது ஆலையிலேயே முன்கூட்டிச் சுருக்கி வைக்காத துணி 10 சதவீதம் வரை போகும். அதே காலில் மூன்று அங்குலம்! ஒரு மாதத்தில் எல்லோருக்கும் கணுக்கால் தெரியும். அதனால் எந்தத் துணியானாலும் கால் நீளத்தை மடித்துத் தைப்பது வாஷ் முடிந்த பிறகுதான் இருக்கட்டும்.

இனி சமையலறை. இதில் விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை. வோக் (குழிந்த வறுக்கும் சட்டி) அடுப்பின் முன் நிற்கும் இருவருக்கும் ஜீன்ஸ் வேண்டாம், டிம்சம் ஆவிப் பெட்டிக்காரருக்கும் வேண்டாம். இறுக்கமான ஜீன்ஸின் தொடையில் கொதிக்கும் எண்ணெய் கொட்டினால் துணி அதை உறிஞ்சித் தோலோடு ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். அந்த நேரத்தில் பெல்ட், பட்டன், ஜிப் எல்லாவற்றையும் கழற்றி, தொடையைப் பிடித்த துணியை இழுத்து இறக்க முடியாது. தொளதொளவென்ற கால்சட்டையில் துணிக்கும் தோலுக்கும் நடுவே காற்று இருக்கும், ஒரே இழுப்பில் கழன்றும் வரும். ஆகவே சமையல் ஆட்களுக்கு 220 முதல் 250 ஜிஎஸ்எம் வரையுள்ள நூறு சதவீதப் பருத்தி டிரில் (சாய்வரி நெசவு) துணியில், இடுப்பில் நாடா வைத்த தளர்ந்த கால்சட்டை. மேலே முழுக்கை கோட், இரட்டை மார்புத் துணி, பட்டனுக்குப் பதில் பிரஸ் பட்டன். ஆபத்தில் இரண்டு கையாலும் பிய்த்தால் திறந்துகொள்ளும், உடைந்து நூடுல்ஸில் விழவும் செய்யாது. மார்பில் திறந்த பாக்கெட் வைக்காதீர்கள், குனிந்தால் பேனா சட்டிக்குள். கொட்டிவிட்டால் உடையைக் கழற்றிக் குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் ஓடவிடுங்கள். தோலோடு ஒட்டிக்கொண்ட துணியைப் பிய்க்கக் கூடாது, சுற்றி வெட்டிவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். பற்பசை, மாவு, ஐஸ்கட்டி எதுவும் கிட்டே வரக் கூடாது.

இன்னொரு காரணம் ஸ்ட்ரெட்ச். இப்போது விற்கும் ஜீன்ஸ் பலவற்றில் 1 முதல் 3 சதவீதம் எலாஸ்டேன் என்ற இழுபடும் இழை, அதோடு கொஞ்சம் பாலியெஸ்டரும் கலந்திருக்கும். பருத்தியும் நெருப்புப் பிடிக்கும்தான், ஆனால் கரியாகும், உருகாது. பாலியெஸ்டர் உருகித் தோலில் ஒட்டும். துணிக்காரர் சொல்வதை நம்ப வேண்டாம்: நாலு நூலை உருவித் தீக்குச்சி காட்டுங்கள். காகிதம் எரியும் வாடையோடு மெல்லிய சாம்பலாகப் போனால் பருத்தி. சுருண்டு, கடினமான மணியாக நின்றால் கலப்படம். பரிமாறுகிறவர்கள் கால்சட்டையில் 1 சதவீதம் எலாஸ்டேன் இருக்கலாம், குனிந்து நிமிர வசதி. அதை வெந்நீரிலும் பிளீச்சிலும் போட்டால் ஆறு மாதத்துக்குள் முட்டியில் பை விழும்.

நீங்கள் கேட்ட கறுப்பு டெனிமை இந்தக் கடற்கரையில் நான் சிபாரிசு செய்யமாட்டேன். கறுப்பு டெனிமுக்குப் பெரும்பாலும் சல்ஃபர் சாயம்தான். சூடும் ஈரமும் சேர்ந்த இடத்தில் மூட்டையாகக் கிடந்தால் சாயத்திலுள்ள கந்தகம் மெல்ல மெல்ல அமிலமாக மாறிப் பருத்தி இழையைத் தின்னும். பார்க்க நன்றாக இருக்கும், உதறினால் தையலோரம் கிழியும். போதாததற்கு, சமையலறைத் தரைக்குப் போடும் பிளீச்சிங் பவுடர் தண்ணீர் தெறித்த இடமெல்லாம் பழுப்புப் புள்ளி விழும். கறுப்பு அழுக்கை மறைக்கும் என்று வாங்குகிறார்கள். சமையலறையில் அழுக்கு தெரிய வேண்டும். உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் அட்டவணை 4 உணவைக் கையாள்கிறவருக்குச் சுத்தமான உடை, தலைமறைப்பு, ஆண்டுக்கொருமுறை மருத்துவப் பரிசோதனை கேட்கிறது. நிறம் எதுவென்று கேட்கவில்லை. என்னைக் கேட்டால் கோட்டுக்கு வெள்ளை, கால்சட்டைக்குச் சாம்பல். நீலம் வேண்டுமென்றால் கழுத்துப் பட்டியில் ஒரு ஷாம்ப்ரே ஓரம் வைத்துவிடுங்கள், அழகாகவே இருக்கும்.

தோல் பட்டை ஏப்ரன் படத்தில் நன்றாக இருக்கும். உங்கள் ஊர் ஈரக்காற்றில் ஒரு மழைக்காலத்துக்குள் பட்டை முழுக்கப் பூஞ்சை பூக்கும். தோலைத் துணியோடு சேர்த்துத் துவைக்கவும் முடியாது. ஒன்றரை அங்குலப் பருத்திப் பட்டை நாடா போடுங்கள், கழுத்தில் மாட்டுவதற்குப் பதிலாக முதுகில் குறுக்காகப் போகிற மாதிரி. எட்டு மணி நேரம் நிற்கிறவருக்குக் கழுத்து வலிக்காது. வளையம் பித்தளையில்.

உலோகம் எல்லாவற்றுக்கும் ஒரு சோதனை இருக்கிறது. பட்டன், ரிவிட், ஜிப், வளையம் ஒவ்வொன்றிலும் சின்னக் காந்தத்தை வையுங்கள். ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே முலாம். முலாம் தேய்ந்ததும் துருவேறி, பட்டனைச் சுற்றிக் காவி வட்டம் விழும்; அந்தக் கறை போகாது. பித்தளையும் செம்பும் பச்சை பூக்கும், ஆனால் துடைத்தால் போய்விடும். காரைக்குடி சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) தன் உலோக அரிப்புச் சோதனை மையத்தை உங்கள் கடற்கரையிலுள்ள மண்டபம் முகாமில் வைத்திருக்கிறது என்றால், அந்தக் காற்று உலோகத்தை என்ன பாடு படுத்தும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். ரிவிட்டைக் கூடியவரை குறைத்துவிட்டு அந்த இடத்தில் பார்டாக் தையல் (நெருக்கமாக அடித்துப் பலப்படுத்துவது) போடச் சொல்லுங்கள். பாக்கெட் மூலையில் செம்பு ரிவிட் அடிப்பதற்கு ஜேக்கப் டேவிஸும் லீவை ஸ்ட்ராஸும் 1873-இல் காப்புரிமை வாங்கினார்கள். நாற்காலியைக் கீறுகிறது என்ற புகாரால் 1937-இல் ஸ்ட்ராஸின் கம்பெனியே பின்பாக்கெட் ரிவிட்டைத் துணிக்குள் மறைத்தது. உங்கள் நாற்காலிக்கும் பாலிஷ் போட்ட மேஜை ஓரத்துக்கும் அதே கதிதான்.

துவைப்பதில் கவனிக்க வேண்டியது தண்ணீர். ஆழ்குழாய்த் தண்ணீரில் சோப்பு நுரைக்காது; அதிலுள்ள சுண்ணாம்பு சோப்போடு சேர்ந்து சாம்பல் பூச்சாகத் துணியில் படியும். சோப்புக்கட்டியை விட்டுவிட்டுத் திரவ டிடர்ஜென்ட் பயன்படுத்துங்கள். துவைப்பது உப்புத் தண்ணீரில் இருந்தாலும் கடைசி அலசல் நல்ல தண்ணீரில் இருக்கட்டும். அந்த ஒரு அலசலில் கஞ்சத்தனம் காட்டினால் துணியில் உப்பு தங்கிவிடும். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக் கசியும். மழைக்காலத்தில் உங்கள் ஊரில் அதைத் தாண்டுவது சாதாரணம். "காயவைத்து மடித்த துணி மறுநாள் பிசுபிசுக்கிறது" என்று இந்தப் பக்கத்து ஓட்டல்காரர்கள் சொல்வது இதைத்தான். கடலைப் பார்த்த மொட்டைமாடியில் காயப்போடாதீர்கள், துணி மேல் உப்பு வந்து படியும். கூரை போட்ட பின்பக்கம், உட்புறம் வெளியே தெரியத் திருப்பி, மின்விசிறிக் காற்றில். வெயில் பட்டால் நீலம் வரிவரியாக வெளுக்கும்.

கறைகளில் உங்களுக்கு அதிகம் வரப்போவது மூன்று. சோயா சாஸ் கொட்டினால் உடனே பச்சைத் தண்ணீர். வெந்நீர் பட்டால் நிலைத்துவிடும். சம்பால், மிளகாய் எண்ணெய்க்குப் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு, விரலால் தட்டித் தட்டி. லக்ஸா மஞ்சள் சோப்பு பட்டதும் சிவக்கும், பயப்பட வேண்டாம், அலசி வெயிலில் ஒரு மணி நேரம் போட்டால் மங்கும். இந்த இடத்தில் மட்டும் வெயில் உதவும். எந்தக் கறையானாலும் பிரஷ் போட்டுத் தேய்க்கக் கூடாது. நூலின் மேல்தோல்தான் நீலம் என்று பார்த்தோமே, அது உரிந்து நடு வெள்ளை தெரியும். கறை போய்த் தேய்த்த தடம் நிரந்தரமாக நிற்கும். மீன் வாடை அடித்தால் 10 லிட்டர் தண்ணீரில் 100 மி.லி. வெள்ளை வினிகர் கலந்து பத்து நிமிடம் முக்கி, மறுபடி நல்ல தண்ணீரில் அலசுங்கள். அந்த வாடைக்குக் காரணமான அமைன்கள் காரத்தன்மை உள்ளவை, வினிகரின் அமிலம் அவற்றை அடக்கும்.

திறப்பு விழா உடைக்கு வருவோம். இதில் நான் பாதி வாப்பா பக்கம். ஊழியர் எல்லோரும் நீலத்தில் இருக்கும்போது முதலாளியும் டெனிம் மேல் டெனிம் போட்டு நின்றால், பில்லில் சந்தேகம் வந்தவர் யாரைக் கூப்பிடுவது என்று திணறுவார். வாசலில் வாப்பா வெள்ளைக் கைலியில் வரவேற்கட்டும். நீங்களும் மச்சானும் அடர்நீல ஜீன்ஸ், வெள்ளைப் பருத்திச் சட்டை. ஜீன்ஸ் 10 அல்லது 11 அவுன்ஸ், நேர்க்கால் வெட்டு, கிழிசலோ தொடையில் வெளுப்போ இல்லாதது. துஆவுக்கு (பிரார்த்தனைக்கு) தரையில் உட்காருவீர்கள், இடையில் தொழுகையும் வரும். அதனால் கடையிலேயே போட்டுப் பார்க்கும்போது கண்ணாடி முன் நிற்பதோடு விடாமல் சம்மணம் போட்டு ஐந்து நிமிடம் உட்காருங்கள், ஸஜ்தாவுக்குப் போவது போல, நெற்றி தரையில் படக் குனிந்து பாருங்கள். முட்டி இழுத்தாலோ, பின்னிடுப்பில் இரண்டு விரலுக்கு மேல் இடைவெளி விழுந்தாலோ அந்த அளவு உங்களுக்கு ஆகாது. முன்பக்க ரைஸ் (தொடை இடுக்கிலிருந்து இடுப்புப் பட்டி வரை உள்ள உயரம்) 11 அங்குலத்துக்குக் குறையாமல், தொடைச் சுற்றளவு உடம்பு அளவைவிட இரண்டரை அங்குலம் கூடுதலாக இருந்தால் உட்கார எழுந்திருக்கச் சிரமம் இருக்காது. சட்டை, குனிந்தாலும் முதுகு தெரியாதபடி பின்பாக்கெட்டில் பாதியை மறைக்கும் நீளம். ஜீன்ஸை முன்கூட்டியே இரண்டு தடவை உட்புறம் திருப்பித் தனியாகத் துவைத்துவிடுங்கள். இல்லையென்றால் மாலைக்குள் வெள்ளைச் சட்டையின் கீழ் ஓரமும் வெள்ளை ஷூவின் மேல் ஓரமும் நீலமாகியிருக்கும்.

கேட்காவிட்டாலும் இரண்டு விஷயம் சொல்லியாக வேண்டும். மெனுவிலிருந்து கடல் அட்டை சூப்பை அடித்துவிடுங்கள். மலேசியாவில் அது சாதாரணம். இங்கே 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. வைத்திருப்பதே குற்றம், உங்கள் கடற்கரையில் அதற்காகச் சோதனையும் வழக்கும் அடிக்கடி நடக்கின்றன. கணவாயும் நண்டும் தாராளமாகக் கிடைக்கும்போது அந்த வம்பு எதற்கு? நவம்பரில் புயல் எச்சரிக்கை வந்தால் படகுகள் கடலுக்குப் போகாது, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். கோழி, முட்டை, டோஃபுவில் பாதி மெனு நிற்கிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, 150 பேரை ஒரே நேரத்துக்கு அழைப்பது. ஒரு வோக்கில் ஒரு தடவைக்கு இரண்டு பிளேட் நூடுல்ஸ்தான். அதற்கு மேல் போட்டால் சட்டியின் சூடு இறங்கி, வெளியே வரும் நீர் ஆவியாகாமல் தேங்கும். நூடுல்ஸ் வறுபடுவதற்குப் பதில் குழையும், நாற்பது நாற்காலியும் ஒரே சுவையற்ற பிளேட்டைப் பற்றிப் பேசும். கழுவி எண்ணெய் வைத்து மறுபடி சூடேற்றுவது சேர்த்து ஒரு சுற்றுக்கு நாலு நிமிடம். இரண்டு அடுப்பில் நாலு நிமிடத்துக்கு நாலு பிளேட், 40 பேருக்கு 40 நிமிடம். அழைப்பிதழில் நேரத்தை நாலு வேளையாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 40 பேருக்குள் வரச் சொல்லுங்கள். அன்றைக்கு மெனுவில் பத்து உருப்படி போதும். லக்ஸா, டிம்சம் போல முன்னாலேயே தயார்செய்ய முடிந்தவை பாதி.

அளவு. பன்னிரண்டில் சமையலறை 5, பரிமாற 6, கல்லா 1 என்று வைத்துக்கொள்கிறேன். 58 அங்குல அகலத் துணியில் அரைக்கைச் சட்டைக்கு ஒன்றரை மீட்டர், கால்சட்டைக்கு ஒன்றேகால் மீட்டர். முடித்த அளவில் 66 செ.மீ. அகல, 85 செ.மீ. நீள ஏப்ரன் என்றால் அகலத்தில் இரண்டு பக்கம் பக்கமாக விழும், ஜோடிக்கு 95 செ.மீ. போதும். சட்டை ஆளுக்கு மூன்று: ஒன்று உடம்பில், ஒன்று துவைப்பில், ஒன்று கொடியில். கால்சட்டை இரண்டு, ஏப்ரன் பரிமாறுகிறவர்களுக்கு மட்டும் மூன்று. வெட்டுச் சேதமும் சுருக்கமும் சேர்த்து ஷாம்ப்ரே 34 மீட்டர், 10 அவுன்ஸ் டெனிம் 19 மீட்டர், 8 அவுன்ஸ் டெனிம் 10 மீட்டர். சமையல் ஆட்களுக்கு டிரில் ஏப்ரன் ஆளுக்கு நாலு, கோட் மூன்று, கால்சட்டை மூன்று. எண்ணெய் படுவதால் தினமும் மாற்ற வேண்டியிருக்கும். துணியை மதுரை விளக்குத்தூண் பக்கத்து மொத்தக் கடைகளிலோ ஈரோட்டிலோ பாருங்கள். மொத்தமாகத் தைக்கக் கொடுக்கும் முன் சிறிய, நடுத்தர, பெரிய அளவில் ஒவ்வொரு செட் தைத்து, மூன்று பேர் ஒரு வாரம் போட்டு வேலை செய்து பார்த்த பிறகு மீதியை வெட்டச் சொல்லுங்கள். அக்குள், தொடை இடுக்கு, பாக்கெட் ஆழம் எல்லாவற்றிலும் குறை அந்த வாரத்தில் தெரிந்துவிடும்.

மேலே சொன்ன அளவோடு ஷாம்ப்ரே 9 மீட்டர், 10 அவுன்ஸில் 5, 8 அவுன்ஸில் 3 மீட்டர் கூடுதலாக, அதே லாட்டில் (ஒரே தடவையில் சாயமேற்றிய தொகுதியில்), அதே நாளில் வாங்கிவிடுங்கள். இது இரண்டு புதிய ஆட்களுக்கான துணி. உணவகத்தில் ஆள் மாறுவது நிற்காது. இண்டிகோ லாட்டுக்கு லாட் நிறம் மாறும், ஆறு மாதம் கழித்து அதே நம்பர் சொல்லிக் கேட்டாலும் கொஞ்சம் பச்சையடித்தோ சிவப்படித்தோதான் வரும். அந்தத் துணியையும் மற்றவற்றோடு ஒரு தடவை துவைத்து, கஞ்சிப் பசை போக அலசி, பிளாஸ்டிக் உறையில் போடாமல் பழைய வேட்டியில் சுற்றி, சுவரில் படாமல் மேல் தட்டில் வையுங்கள்.